முட்டையிடாத கோழியை அறுக்குமுன்

வீட்டுக் கொல்லையில் நான்கைந்து கோழி வளர்க்கும் வழக்கம், கதிர்காமம் போன்ற நகர்ப்புறப் பகுதிகளிலும் அறவே ஒழிந்துவிடவில்லை. பிள்ளைகளுக்கு முட்டை கிடைக்கும். மிஞ்சியதை விற்றால் கைச்செலவுக்கு உதவும். அக்கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தினால், ‘தீனிக்குக் கேடு’ என்று சட்டிக்கு அனுப்பும் எண்ணம் எழுவது இயல்பே. ஆயினும் அவசரத்தில் அறுக்கப்படும் கோழி, இரண்டு மாதங்களில் மீண்டும் முட்டையிடக் கூடியதாகவும் இருக்கலாம். ஆதலின், இல்லத்தரசியரே, காரணத்தை வரிசையாக ஆராய்வோம்.

முதலாவது, கோழி உண்மையிலேயே முட்டையிடவில்லையா? விறகுக் கட்டின் இடுக்கிலும் புதர் மறைவிலும் இட்டு வைக்கும் கோழிகள் உண்டு. கீரியும் காகமும் பாம்பும் முட்டையைக் கவர்வதுண்டு. இரண்டு மூன்று நாட்கள் நண்பகல் கழியும்வரை கூட்டிலேயே அடைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். ஆசனவாயின் கீழ்ப்புறம் இரு மெல்லிய எலும்புகள் தட்டுப்படும். அவற்றின் இடையே இரண்டு விரல்களேனும் நுழையுமாயின், அக்கோழி முட்டையிடுகிறது எனக் கொள்ளலாம்.

இரண்டாவது, அடை. நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டையிட்டபின் அடைக்கு உட்காருவது இயற்கை. குஞ்சு வேண்டாமெனில், அடியில் காற்றோட்டமுள்ள கம்பிக் கூண்டில் மூன்று நான்கு நாட்கள் தீனியும் நீரும் கொடுத்து வைத்தால் அடை தெளியும். நீரில் முக்கி வதைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, பருவம். நன்கு முட்டையிட நாளொன்றுக்குச் சுமார் 14 மணி நேர வெளிச்சம் தேவை. டிசம்பரில் புதுவையில் பகற்பொழுது ஏறத்தாழ 11½ மணி நேரமே. விடியுமுன் கூட்டில் சிறு விளக்கொன்று எரிந்தால் பயன் தரும். இறகுதிர்க்கும் கோழிக்கோ ஓய்வும் சத்துணவும் வேண்டும். புது இறகு முளைத்தபின் அது மீண்டும் முட்டையிடும்.

நான்காவது, உணவு. ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. பழைய சோறும் நொய்யும் மட்டும் இதனை ஈடுசெய்யா. உப்பிடாத கருவாட்டுத் தூள், பூஞ்சை பிடிக்காத கடலைப் புண்ணாக்கு, கீரை, இடித்த கிளிஞ்சல் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். முட்டையில் முக்காற்பங்கு நீரே. கோடையில் தண்ணீர்ச் சட்டி ஒரு நாள் வறண்டாலும் முட்டை குறையும்.

இறுதியாக, நோய். பேன் மிகுந்தாலும் குடற்புழு பெருகினாலும் கோழி மெலியும். வெண்பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல், தோல்முட்டை ஆகியவை தோன்றினால் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோயோ என ஐயுற வேண்டும். இதற்கு மருந்தில்லை, தடுப்பூசியே காப்பு. நோயுற்றதைத் தனியே பிரித்துவிட்டுக் கால்நடை மருத்துவரை உடனே அணுகுங்கள். கதிர்காமத்தாருக்கு அருகிலேயே, குரும்பாப்பேட்டில், ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையம் உள்ளது.

இவை யாவும் செம்மையாக இருந்தும் முட்டையில்லையெனில், கோழியின் வயதை எண்ணுங்கள். மூன்றாம் ஆண்டுக்குமேல் முட்டை குறைவது இயல்பு. அறுப்பதா, வைத்திருப்பதா என்பதை அப்பொழுது முடிவு செய்தால் போதும்.