தயக்கம் அறியாமை அல்ல

புற்றுநோய்த் தடுப்பு ஆய்வுகளில் சேர மக்கள் தயங்கினால், 'விழிப்புணர்வு போதாது' என்று சொல்லி நகர்ந்துவிடுவது நம் துறையின் வழக்கம். அந்தக் கணிப்பு தவறு. சிகிச்சை ஆய்வுக்கு வருபவர் நோயோடு வருகிறார். மருந்தின் தொல்லையைப் பொறுத்துக்கொள்ள அவருக்குக் காரணம் இருக்கிறது. தடுப்பு ஆய்வுக்கு நாம் அழைப்பவரோ நலமாக இருப்பவர். 'எனக்குத்தான் ஒன்றும் இல்லையே, எதற்கு மாத்திரை?' என்று அவர் கேட்பதில் மருத்துவ நியாயம் உண்டு. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வெளியானது. நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பிக் கொடுத்த பீட்டா கரோட்டின், அந்நோயை 18 சதவீதம் கூட்டியிருந்தது.

தீமையையும் சேர்த்துச் சொன்னால் யார் வருவார்கள் என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 13,388 பெண்கள் பங்கேற்ற, மார்பகப் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்த்த தமொக்சிஃபென் மருந்தாய்வு 1998-இல் வெளியானது. சுமார் ஆறு ஆண்டுகளில், ஊடுருவும் மார்பகப் புற்றுநோய் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் ஆயிரத்துக்கு 43 பேருக்கும், மருந்து எடுத்தவர்களில் 22 பேருக்கும் வந்தது. கருப்பை உட்படலப் புற்றுநோயோ ஆயிரத்துக்கு 5 என்பதிலிருந்து 13 ஆகக் கூடியது. இது ஊரறிந்த பிறகு 1999-இல் தொடங்கிய அடுத்த ஆய்வில், தமொக்சிஃபெனோ ரலாக்சிஃபெனோ எடுத்துக்கொள்ள 19,747 பெண்கள் முன்வந்தார்கள். உண்மை ஆளை விரட்டவில்லை.

விரட்டுவது எது என்பதை நம் நாடே காட்டியது. கம்மத்திலும் வதோதராவிலும் நடந்த, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசித் திட்டத்தில் ஏழு சிறுமிகள் இறந்தனர். இறப்புகளுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று விசாரணை சொன்னது. ஆனால், பெற்றோர் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவங்கள் பலவற்றில் விடுதிக் காப்பாளர்களும் தலைமை ஆசிரியர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். 2010-இல் அரசு தடை போட்டபோது, அந்தத் திட்டத்தோடு தொடர்பில்லாத, திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கை உட்படப் பல மையங்களில் நடந்துவந்த எச்பிவி தடுப்பூசி ஆய்விலும் ஊசி நின்றது. ஒரே தவணையோடு நின்றுபோன சிறுமிகளின் குடும்பங்கள் தொடர் கண்காணிப்பில் நீடித்ததால்தான், ஒரு தவணையே எச்பிவி 16, 18 வகைகளின் நீடித்த தொற்றை 95 சதவீதம் தடுக்கிறது என்று பின்னர் தெரிந்தது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு தவணையை ஏற்றதற்கு இதுவும் ஒரு சான்று.

நேரமில்லை, நோயாளிக் கூட்டம் அதிகம் என்ற மறுமொழியை நானும் ஏற்கிறேன். ஆனால் கையெழுத்து வாங்க ஒதுக்கும் நேரத்தை விளக்கத்துக்கும் ஒதுக்க வேண்டும். 'பாதியாகக் குறைகிறது' என்று சொல்வதை விட்டு, ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு நன்மை, எத்தனை பேருக்குத் தீமை என்று எண்ணிச் சொல்லுங்கள். மறுத்தவரின் காரணத்தையும் பதிவு செய்யுங்கள். முடிவு வந்ததும் பங்கேற்றவர் வீட்டுக்கு அவர் மொழியில் அனுப்புங்கள். நலமாக இருப்பவர் தன் உடலை நம்மிடம் ஒப்படைப்பது பெரிய கொடை. அதைக் கேட்பவருக்கு விளக்கம் தரும் கடமை உண்டு.