இஸ்திரிப் பெட்டிக்கு ஓர் அறை

சொகுசுக் கப்பல் புறப்படும் நாளில் துறைமுக முனையத்தில் அடிக்கடி பார்க்கக் கிடைக்கும் காட்சி இது. எக்ஸ்ரே திரையில் ஒரு பெட்டி நின்றுவிடும். உரியவரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார்கள். துண்டில் பத்திரமாகச் சுற்றி, புடவைகளுக்கு நடுவில் செருகி வைத்த இஸ்திரிப் பெட்டி வெளியே வரும். காவலர் அதில் அறை எண் எழுதிய அட்டையைக் கட்டி ஓரமாக வைப்பார். "இறங்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள்" என்பார். சொந்தக்காரர் முகம் வாடிப்போகும். ஐந்து நாள் பயணத்துக்கு எடுத்துவைத்த பருத்திச் சட்டைகளும் பட்டுப் புடவைகளும் அப்போதே அவர் கண் முன்னால் கசங்கியிருக்கும்.

அந்தக் காவலர் செய்வது சரி. முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

2006 மார்ச் 23. கிராண்ட் கேமனிலிருந்து ஜமைக்காவின் மான்டிகோ பே நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஸ்டார் பிரின்சஸ் கப்பலில், பின்னிரவு 3 மணியளவில் ஒரு பால்கனியில் தீப்பிடித்தது. சரியாக அணைக்காமல் வீசிய சிகரெட் துண்டுதான் காரணமாக இருக்கும் என்று பிரிட்டனின் கடல் விபத்து விசாரணை அமைப்பு கருதியது. பால்கனித் தடுப்புகளும் நாற்காலிகளும் பிளாஸ்டிக். தீ பக்கவாட்டிலும் மேல் தளங்களுக்கும் ஓடியது. 79 அறைகள் அடியோடு பாழாயின. தீயாலும் புகையாலும் தண்ணீராலும் இன்னும் 218 அறைகள் சேதமடைந்தன. ஒரு பயணி உயிரிழந்தார். ஒரே ஒரு சிகரெட் துண்டு போதும், அவ்வளவும் நடக்க.

வீட்டில் தீப்பிடித்தால் தெருவுக்கு ஓடலாம். நடுக்கடலில் தெரு கிடையாது; தீயணைப்பு வண்டியும் வராது. கப்பல் ஊழியர்களேதான் குழாயைப் பிடிக்க வேண்டும். 1934 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூஜெர்சி கரைக்கு அருகிலேயே மாரோ காஸில் என்ற கப்பல் எரிந்து 137 பேர் மாண்டார்கள். கரை அருகில் இருந்தும் அத்தனை உயிர்கள் போயின.

இன்று கடலில் ஓடும் மிகப் பெரிய பயணிகள் கப்பல்களில் ஒன்றான ஐகான் ஆஃப் தி சீஸை எடுத்துக்கொள்வோம். 2024 ஜனவரியில் பயணிகளோடு ஓடத் தொடங்கிய அதில் 2,805 அறைகள். விருந்துக்குக் கிளம்பும் மாலையில் பாதி அறைகளில் இஸ்திரி போட்டாலே, ஒரே மணி நேரத்தில் 1,400 சூடான தகடுகள். கப்பல் அறையில் தேய்க்கும் மேசை இருக்காது. எல்லாரும் கட்டில் மெத்தையின் மேல்தான் துணியை விரிப்பார்கள். அதில் ஒருவருக்கு போன் வந்து, பெட்டியைப் படுக்க வைத்துவிட்டு நகர்ந்தால் போதும். இதை நினைத்துப் பார்த்தால் அறைக்குள் இஸ்திரிப் பெட்டி கூடாது என்ற விதியின் மேல் கோபமே வராது.

கோபம் வர வேண்டியது அடுத்த விஷயத்தில்தான்.

மாலை விருந்துக்கு எப்படி உடுத்தி வர வேண்டும் என்று கப்பல் நிறுவனங்களே சொல்கின்றன. சாதாரண நாளுக்கு ஒரு விதி, விசேஷ இரவுக்கு இன்னொரு விதி. கோட்டு, கவுன், அல்லது அதற்கு இணையான அவரவர் நாட்டு உடை. இவ்வளவு கேட்கிற நிறுவனம், உடுப்பைத் தேய்த்துக்கொள்ள வழி செய்து தந்திருக்கிறதா? ராயல் கரீபியன் கப்பல்களில் பயணிகளே துவைத்துத் தேய்த்துக்கொள்ளும் அறை இல்லை. அறைப் பணியாளரிடம் பையில் போட்டுக் கொடுத்தால் கீழ்த்தளத்துச் சலவைக்கூடத்துக்குப் போகும். உருப்படிக்கு இவ்வளவு என்று டாலரில் கணக்கு ஏறும். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு இது சின்னச் செலவில்லை.

வேறு விதமாகவும் நடத்த முடியும் என்பதற்குக் கடலிலேயே சாட்சி இருக்கிறது. கியூனார்டு நிறுவனத்தின் குவீன் மேரி 2 கப்பலில் பயணிகளுக்கென்று சலவை அறை உண்டு. இயந்திரம், தேய்க்கும் மேசை, இஸ்திரிப் பெட்டி எல்லாம் இலவசம். பிரின்சஸ், டிஸ்னி நிறுவனங்களின் கப்பல்களிலும் பயணிகள் தாங்களே தேய்த்துக்கொள்ள அறை இருக்கிறது. தீ பயம் அந்தக் கப்பல்களுக்கும் உண்டு. மெத்தை, திரைச்சீலை எதுவும் இல்லாத ஒரு பொது அறையில் பெட்டியை வைத்தால் ஆபத்து வெகுவாகக் குறையும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். தீப்பிடித்த ஸ்டார் பிரின்சஸும் பிரின்சஸ் நிறுவனத்தின் கப்பல்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். தீயின் கொடுமையை நேரில் கண்ட நிறுவனமே ஓர் அறை ஒதுக்கித் தரும்போது, மற்றவர்கள் சொல்லும் காரணம் எதுவும் எடுபடாது.

தமிழர்களுக்கு இது தூரத்து விவகாரமில்லை. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து எம்ப்ரஸ் என்ற சொகுசுக் கப்பல் புறப்பட்டது. அடுத்த ஆண்டே அது அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றி வந்தது. தெருமுனை வண்டியில் துணியைக் கொடுத்து, மடிப்புக் கலையாமல் வாங்கி உடுத்திப் பழகிய ஊர் நம்முடையது. கசங்கிய சட்டையோடு நாலு பேர் முன்னால் போய் நிற்பது இங்கே பலருக்கு மனசுக்கே ஆகாது. இஸ்திரிப் பெட்டியை ஒளித்து வைத்தாவது கொண்டுபோகத் தோன்றுவதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

ஒளித்து வைப்பதைவிட, துணி ஏன் கசங்குகிறது என்று தெரிந்துகொண்டு பெட்டியை அடுக்குவது மேல். பருத்தி இழைக்குள் செல்லுலோஸ் சங்கிலிகள் ஒன்றையொன்று மெல்லிய பிணைப்புகளால் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஈரம் பட்டால் அந்தப் பிடி தளரும். தளர்ந்த நேரத்தில் துணி எப்படி மடங்கியிருக்கிறதோ அப்படியே காய்ந்து இறுகிவிடும். பருத்தி தன் எடையில் 8 சதவீதம் அளவுக்குக் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; பாலியஸ்டர் அரை சதவீதத்தைக்கூடத் தொடாது. கடல் காற்றில் பருத்திச் சட்டை துவண்டுபோவதும், கஞ்சி போட்ட வேட்டி விறைப்பிழப்பதும் இதனால்தான். லினன் இன்னும் மோசம்.

மனிதர்கள் இதோடு வெகுநாள் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்த இழைதான் பின்னாளில் டெரிலின் சட்டையாக நம் ஊர் ஜவுளிக்கடைகளுக்கு வந்தது. பருத்தியோடு கலந்து டெரிகாட்டன் ஆயிற்று. அமெரிக்க வேளாண் துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வகத்தில் வேலை பார்த்த ரூத் பெனரிட்டோ என்ற வேதியியலாளர், பருத்திச் சங்கிலிகளுக்கு இடையே வலுவான குறுக்குப் பாலங்களைப் போடும் வழிகளை ஆராய்ந்தார். தேய்க்கத் தேவையில்லை என்று விற்கும் பருத்திச் சட்டைகளுக்குப் பின்னால் அவர் போன்றவர்களின் உழைப்பு இருக்கிறது. 55 காப்புரிமைகள் பெற்ற அந்த அம்மையார் 2013-இல் தம் 97-ஆம் வயதில் காலமானார். கப்பலுக்குத் துணி எடுக்கிறவர்கள் அவரை ஒரு நிமிடம் நன்றியோடு நினைக்கலாம்.

புடவையில் கிரேப்பும் ஜார்ஜெட்டும் கைகொடுக்கும். நூலையே இறுக முறுக்கி நெய்வதால், நெசவிலேயே நுண்ணிய நெளிவு இருக்கிறது. கசங்கினாலும் உதறி மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். காஞ்சிபுரம் பட்டை வீட்டிலேயே விட்டுப் போவது நல்லது. ஒரே மடிப்பில் நாள் கணக்கில் அழுந்திக் கிடந்தால் ஜரிகை அந்த இடத்தில் நைந்துபோகும். ஆண்களின் கோட்டு கம்பளியாக இருந்தால் கவலையே இல்லை. கம்பளி இழை வில் மாதிரி, வளைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும். கப்பல் குளியலறை மிகச் சிறியது என்பதே இங்கே வசதி. குளிக்கிற நேரத்துக்குக் கோட்டை உள்ளே தொங்கவிட்டால் ஆவி சட்டென்று நிறைந்து சுருக்கத்தை இளக்கிவிடும். அதற்கென்று தனியாக வெந்நீரைத் திறந்துவிடக் கூடாது. கப்பலில் நல்ல தண்ணீரின் பெரும்பகுதி, எரிபொருள் செலவழித்துக் கடல்நீரிலிருந்து எடுத்தது.

பருத்திச் சட்டைதான் வேண்டும் என்கிறவருக்கும் வழி இருக்கிறது. சட்டையை ஹேங்கரில் மாட்டி, விரல் நுனியை நனைத்து, பட்டன் பட்டியை மேலிருந்து கீழாக அழுத்தி இழுத்துவிட வேண்டும். பிறகு கழுத்துப்பட்டியின் இரு முனைகள், சட்டைப்பையின் ஓரம், கைமடிப்பு. கண்ணில் படுகிற இடங்கள் இவ்வளவுதான். முதுகை ஈர உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, கீழ் ஓரத்தைப் பிடித்து இழுத்துவிட்டுக் காற்றில் விட்டால், உடுத்தும் நேரத்துக்குள் நேராகக் காய்ந்திருக்கும். பிணைப்பை ஈரத்தால் தளர்த்தி, நேராக இழுத்து, காய வைப்பது. இஸ்திரிப் பெட்டி சூட்டோடு செய்வதும் இதே வேலையைத்தான். மாட்ட இடம் போதவில்லையா? பெரும்பாலான கப்பல்களில் அறைச் சுவர் இரும்புத் தகடு. நாலு காந்தக் கொக்கிகள் கொண்டுபோனால் எங்கே வேண்டுமானாலும் தொங்கவிடலாம்.

இன்னொன்று. பெரிய பெட்டிகளைக் கரையிலேயே வாங்கிக்கொண்டு சாயங்காலம்தான் அறை வாசலில் கொண்டுவந்து வைப்பார்கள். முதல் இரவு உடுப்பைக் கைப்பையில் தளர்வாக மடித்து எடுத்துப் போக வேண்டும். பெட்டிக்குள் போகிறவற்றைச் சலவைக்கடை பாலித்தீன் உறையோடு மடித்தால், துணியோடு துணி உரசாமல் வழுக்கிக்கொடுக்கும். அழுத்தமான சுருக்கம் விழாது.

இதெல்லாம் பயணி செய்துகொள்ளக்கூடியது. கப்பல் நிறுவனங்கள் செய்ய வேண்டியதும் பெரிய காரியமில்லை. ஆயிரக்கணக்கானோரைச் சுமக்கும் கப்பலில் ஒரு சிறிய அறை, நாலைந்து மேசைகள், தானாக அணையும் இஸ்திரிப் பெட்டிகள், மாலை நேரத்தில் பார்த்துக்கொள்ள ஓர் ஊழியர். சென்னையிலிருந்து கப்பல் ஓட்டுகிறவர்களும், இனி ஓட்ட வருகிறவர்களும் இதைத் தங்கள் வசதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதுவரை, டிக்கெட் பதிவு செய்கிற ஒவ்வொருவரும் நீச்சல் குளம் உண்டா, சைவச் சாப்பாடு உண்டா என்று கேட்கிற மூச்சிலேயே, துணி தேய்க்க அறை உண்டா என்றும் கேட்க வேண்டும்.