நஞ்சராயன் குளத்துக்கு மார்க்குப் போடுவது யார்?

திருப்பூரை அடுத்த சர்க்கார் பெரியபாளையத்தின் அருகே, நல்லாற்று நீரை வாங்கித் தேக்கி நிற்கும் நஞ்சராயன் குளம், 2022-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டின் 17-வது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில், ஈரநிலங்களுக்குரிய ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் ஜாபிதாவிலும் அதன் பெயர் ஏறிற்று. பாசனத்துக்கென்று ஏற்பட்டு, தன்னைச் செப்பனிட்ட ஓர் அரசன் பெயரைத் தாங்கி நிற்கும் சுமார் 126 ஹெக்டேர் நீர்நிலைக்கு இத்தகைய கௌரவம் கிடைத்தது குறித்து ஜில்லாவாசிகள் யாவரும் மகிழ்ந்தனர், நாமும் மகிழ்ந்தோம். ஆனால் விருது கிடைத்த மறுநாளே காரியம் முடிந்ததென்று எண்ணி உறங்கிவிடும் வழக்கம் நம் தேசத்தில் வெகு நாளாக உண்டு. சரணாலயம் நன்றாக நடக்கிறதா என்பதை யார் பார்ப்பது? எதைக் கொண்டு அளப்பது? இதுவே நாம் இன்று கேட்க விரும்பும் கேள்வி.

அளப்பதற்கு முறையே இல்லையென்று சொல்வதற்கில்லை. டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு ஸ்தாபனத்தின் துணையோடு, 2006-ஆம் வருஷம் முதல் புலிகள் காப்பகங்களும் தேசியப் பூங்காக்களும் சரணாலயங்களும் பரீட்சிக்கப்பட்டு வருகின்றன. இடத்தின் நிலைமை, திட்டம், ஆள் பணம் முதலிய சாதனங்கள், நிர்வாக நடைமுறை, நடந்த வேலை, கண்ட பலன் என்ற ஆறு தலைப்புகளில் மார்க்கு இடப்படுகிறது. 2021-இல் வெளியான மதிப்பீட்டில் 146 இடங்களின் சராசரி 62.01 சதவீதம். பள்ளிப் பிள்ளைகள் பாஷையில் சொன்னால் முதல் வகுப்பு!

இம்முறை வீணென்பது நம் அபிப்பிராயமன்று. ஆயினும் ஆறு தலைப்பில் பலனைப் பற்றியது ஒன்றே. மற்றவை பெரும்பாலும் நிர்வாகம் தன் வேலையை எப்படிச் செய்கிறதென்பதைப் பற்றியவை. மலைமேலுள்ள பெருங்காட்டுக்கு இது ஒருவாறு பொருந்தலாம். நகரத்தின் வாசலில் கிடக்கும் குளத்துக்குப் பொருந்துமா? நஞ்சராயன் குளத்தின் கரையை வனத்துறை காவல் காக்கலாம். குளத்துக்குள் வரும் நீரோ வனத்துறையின் உத்தரவைக் கேட்டு வருவதில்லை. நல்லாற்றில் நகரத்துக் கழிவுநீர் கலப்பதைப் பற்றிய முறையீடு இன்று நேற்று எழுந்ததன்று. அந்நீருக்குப் பொறுப்பு மாநகராட்சியா, ஊராட்சிகளா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமா, நீர்வளத் துறையா? நால்வரும் ஒருவரையொருவர் காட்டிக்கொண்டிருக்கையில் வனத்துறைக்கு நல்ல மார்க்குக் கிடைத்துவிடலாம், குளமோ நாறிக்கிடக்கலாம்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவேண்டிய அவசியமில்லை. பனியன் வாங்க வரும் அந்நிய தேசத்து வியாபாரி கம்பெனியின் முகப்பிலுள்ள பூந்தோட்டத்தைப் பார்த்து ஆர்டர் கொடுப்பதில்லை. சரக்கை எடுத்துத் துவைத்துப் பார்க்கிறான், தேய்த்துப் பார்க்கிறான், சாயம் போகிறதா, துணி சுருங்குகிறதா என்று கவனிக்கிறான். அவன் கண்ணால் குளத்தைப் பார்க்கவேண்டும் என்பதே நமது கோரிக்கை.

நொய்யல் ஆற்றின் கதை நினைவிருக்கிறதன்றோ? பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் கட்டி முடிந்தது. சில வருஷங்களுக்குள்ளேயே அது சாயப்பட்டறைகளின் உப்பு நீரைத் தேக்கும் தொட்டியாயிற்று. எந்த விவசாயிக்காக அணை எழுந்ததோ, அவனே “மதகைத் திறக்காதீர்” என்று மன்றாடும்படி நேர்ந்தது. உபயோகமற்ற நீரைக் காக்க ஓர் அணை! அக்காலத்தில் அதிகாரிகளிடம் திட்டம் இல்லையா, சட்டம் இல்லையா, சுத்திகரிப்பு நிலையங்கள் இல்லையா? யாவும் இருந்தன, பலன்தான் இல்லை. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் ஹைக்கோர்ட்டு ஏறினர். 2006-இல் கோர்ட்டு, ஆற்றில் விடும் ஒவ்வொரு லிட்டர் கழிவுக்கும் காசு கட்டச் சொல்லிற்று. ஒரு சொட்டும் வெளியே விடாத நிலையை அடைய வேண்டுமென்றது. 2009-இல் சுப்ரீம் கோர்ட்டும் விவசாயிகள் பக்கமே நின்றது. அதற்கும் அடங்காததால் 2011 ஜனவரியில் 700-க்கு மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவாயிற்று. நகரம் பட்ட பாட்டை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதன் பின்னரே, கழிவுநீரைச் சுத்தி செய்து மீண்டும் சாயத்தொட்டிக்கே திருப்பும் முறை இங்கே வேரூன்றிற்று. குழாய் வாயில் என்ன வருகிறதென்று அளந்த பிறகே இக்காரியம் நடந்தது. காகிதத்தை அளந்துகொண்டிருந்த வரையில் நடக்கவில்லை.

குளத்தில் 191 வகைப் பறவைகள் பதிவாகியிருக்கின்றன என்று சர்க்கார் அறிவிப்புச் சொல்கிறது. இமயத்தைக் கடந்து வரும் பட்டைத்தலை வாத்தும் அவற்றில் ஒன்று. சந்தோஷமே. ஆனால் இத்தகைய ஜாபிதா சத்திரத்து வருகைப் புஸ்தகத்தைப் போன்றது. ஒருமுறை வந்தவர் பெயர் அழிவதில்லை. நாளைக்கே பாதிப் பறவைகள் வருவதை நிறுத்தினாலும் 191 என்ற எண் குறையாது. மேலும், கழிவு கலந்த நீரில் புழு பூச்சி மலிந்து, சிலவகைப் பறவைகள் சில காலம் அதிகமாகவே கூடுவதுண்டு. கூட்டத்தைக் கண்டு ஏமாறலாகாது. இவ்வருஷம் எத்தனை வந்தன, எத்தனை கூடு கட்டின, குஞ்சு பிழைத்ததா, நல்லாறு நுழையும் வாயில் நீரின் பிராணவாயு எவ்வளவு, உப்பு எவ்வளவு, வண்டல் எத்தனை அடி ஏறியிருக்கிறது — இவையே கேட்கத் தக்க கணக்குகள்.

சட்டத்தில் இதற்கு இடமுண்டு. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் பாயும் நீரைத் திருப்புவதையும் தடுப்பதையும் மட்டுமல்ல, கூட்டுவதையும் விலக்குகிறது. சாக்கடை நீரைச் சேர்ப்பது நீரைக் கூட்டுவதாகாதா? வக்கீல்கள் வாதாடவேண்டிய விஷயமே. ஆகுமென்பது நம் எண்ணம். அதே சட்டத்தின் 33-பி பிரிவு, ஒவ்வொரு சரணாலயத்துக்கும் ஓர் ஆலோசனைக் கமிட்டி அமைக்கவேண்டுமென்கிறது. அதில் தொகுதி எம்.எல்.ஏ., பஞ்சாயத்துப் பிரதிநிதிகள் மூவர், தன்னார்வ ஸ்தாபனத்தார் இருவர், வனவிலங்கு விஷயத்தில் ஈடுபட்டோர் மூவர், போலீஸ் விவகாரம் பார்க்கும் இலாகாவுக்கும் கால்நடை இலாகாவுக்கும் தலா ஓர் இடம். நீரைக் கெடுப்பவர்க்கும் தடுப்பவர்க்கும் பெயர் சொல்லி ஓர் ஆசனமும் இல்லை! ஆயினும் தன் நடைமுறையைத் தானே வகுத்துக்கொள்ளும் அதிகாரம் கமிட்டிக்கு உண்டு. மாநகராட்சிக் கமிஷனரையும் வாரிய இஞ்சினீயரையும் சாயப்பட்டறைச் சங்கத்தாரையும் ஆயக்கட்டுதாரரையும் அழைத்து உட்காரவைப்பதை எது தடுக்கிறது?

வேடந்தாங்கல் கிராமத்தார், காடு இலாகா என்றொன்று தோன்றுமுன்னரே, 18-ஆம் நூற்றாண்டிலேயே தங்கள் ஏரிப் பறவைகளைச் சுடவிடாமல் காத்தார்கள். பறவைகளின் எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாயிற்று; ஆகவே காவலின் பலனைத் தம் களத்திலேயே கண்டார்கள். எந்த அதிகாரியும் அவர்களுக்கு மார்க்குப் போடவில்லை. அக்கணக்கு ஜனங்கள் கண்ணெதிரே இருந்தது.

எண்களை வெளியிட்டால் மறுபடியும் பட்டறைகளுக்குப் பூட்டு விழுமோ என்று தொழிலதிபர்களில் சிலர் அஞ்சக்கூடும். நமக்கோ நேர்மாறாகத் தோன்றுகிறது. கணக்கில்லாத இடத்தில் எந்த அழுக்கும் சாயக்காரன் தலையிலேயே விழும். பெருஞ்செலவு செய்து நீரைத் திருப்பி உபயோகிக்கும் யோக்கியமான பட்டறைக்காரருக்கும், இரவில் ஓடையில் திறந்துவிடும் திருட்டுப் பட்டறைக்கும், சாக்கடையை அப்படியே விடும் நகரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நீர்ப் பரிசோதனையே காட்டிக் கொடுக்கும்.

ஆகவே ஜில்லா கலெக்டரும் வனத்துறையும் இரண்டு காரியங்கள் செய்யவேண்டும். ஆலோசனைக் கமிட்டியின் கூட்டத்தை மேற்சொன்னவர்களையும் அழைத்துப் பகிரங்கமாகக் கூட்டவேண்டும். நல்லாறு நுழையுமிடத்து நீரை மாதந்தோறும் பரிசோதித்து, அந்த எண்களைத் தமிழில் குளக்கரைப் பலகையிலும் பஞ்சாயத்து ஆபீஸ்களிலும் எழுதிவைக்கவேண்டும். ஐப்பசி மழை இறங்குமுன் முதல் பரிசோதனையை முடித்துவிடலாம். மழை நீரோடு ஓடை வருவது எது, மழையில்லாத நாளிலும் ஓடி வருவது எது என்பது அப்போதே தெரிந்துவிடும்.