மகிமை என்றால் மினுமினுப்பா?

எங்கள் ஊர் பிள்ளையார்பாளையம். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு மினுமினுப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அசல் ஜரிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்குத் தங்கம். உள்ளே இருப்பதோ பட்டு நூல், அதன்மேல் சுற்றிய வெள்ளி. தங்கம் வெறும் மேல்பூச்சுதான். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் சேலையின் பளபளப்பை மட்டும் பார்ப்பதில்லை. கையில் தூக்கிக் கனமும் பார்ப்பார்கள்.

பைபிளில் 'மகிமை' என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கனம்தான் நினைவுக்கு வருகிறது. அதற்குக் காரணம் உண்டு. பழைய ஏற்பாட்டின் எபிரெய மூலத்தில் உள்ள சொல் 'காவோத்'. அதன் வேர்ச்சொல்லுக்குப் பொருளே கனமாக இருப்பது என்பதுதான். நாமும் மதிப்பு மிக்கவரைக் 'கனம் பொருந்திய' என்கிறோம் அல்லவா, அது போல. 1995-ல் வந்த திருவிவிலியம் இதையே 'மாட்சி' என்கிறது. ஆனால் மகிமை என்றதும் நம் மனதில் வந்து நிற்பது என்னவோ ஒளிவட்டமும் சீரியல் விளக்கும்தான்!

ஒளியே கிடையாது என்று நான் சொல்லவில்லை. மலைமேல் இயேசுவின் உடை பிரகாசித்ததை எழுதும்போது மாற்கு, உலகில் எந்தச் சலவைக்காரராலும் அப்படி வெளுக்க முடியாது என்கிறார் (9ஆம் அதிகாரம்). கச்சாப் பட்டு நூலை சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து, பசை போக்கி வெளுப்பவர்கள் இருக்கும் ஊர் இது. இந்த உவமை எங்களுக்குச் சட்டென்று புரியும்.

ஆனால் அந்த ஒளி எதைக் காட்டுகிறது? யாத்திராகமம் 33-ல் மோசே கடவுளிடம் மகிமையைக் காட்டச் சொல்லிக் கேட்கிறார். கிடைக்கும் பதில் என்ன தெரியுமா? என் நன்மை முழுவதையும் உனக்கு முன்பாகக் கடந்துபோகச் செய்வேன் என்பது! அடுத்த அதிகாரத்தில் கடவுள் கடந்துபோகும்போது முதலில் அறிவிக்கப்படுவது இரக்கமும் பொறுமையும்தான். பிறகு மலையிலிருந்து இறங்கும் மோசேயின் முகம் பிரகாசிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அது அவருக்கே தெரியாது. யோவான் இன்னும் ஒரு படி மேலே போய், சிலுவைச் சாவையே மகிமை என்கிறார். அங்கே கண்ணைப் பறிக்க என்ன இருக்கிறது?

ஏசாயா 58ஆம் அதிகாரத்தையும் படித்துப் பாருங்கள். உபவாசம் இருந்துகொண்டே வேலையாட்களை ஒடுக்குகிறவர்களைத் தீர்க்கதரிசி கண்டிக்கிறார். பசித்தவனுக்கு உணவும் இல்லாதவனுக்கு உடையும் கொடு, அப்போது உன் ஒளி விடியலைப் போல எழும்பும், கடவுளின் மகிமை உனக்குப் பின்னால் காவலாக வரும் என்கிறார். வரிசையைக் கவனியுங்கள். நன்மை முதலில், ஒளி பிறகு.

இதை நான் தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவரை வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன். பட்டுடுத்திக்கொண்டு, விளக்குகள் ஜொலிக்க ஆராதனைக்குப் போகலாம், தப்பே இல்லை. ஆனால் அந்தப் பட்டை நெய்தவருக்கு நியாயமான கூலி போய்ச் சேரவில்லை என்றால், அந்த ஜொலிப்புக்கு வேதம் சொல்லும் கனம் கிடையாது. வெறும் மேல்பூச்சுதான். என்னைப் பொறுத்தவரை, மகிமை என்பது கண் கூசுவது அல்ல, நம் மனம் கூசாமல் இருப்பது.