கதிரையை விட்டு எழும்ப விடுவோம்



எங்கள் வாப்பாவுக்கு வயது 71. பார்க்கின்சன் நோய் என்று டொக்டர் சொல்லி நான்கு வருடமாகிறது. அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் அவருக்குக் கையும் காலுமாகிப் போனோம். தண்ணீர் எடுத்துக் கொடுப்போம், சட்டைப் பொத்தான் போட்டு விடுவோம். "நீங்க இரிங்க வாப்பா, நாங்க எடுத்துத் தாறம்." இதுதான் எங்கள் பாசம்.

போன வருடம் பிசியோதெரபிக்கு வந்த தங்கச்சி ஒரு கேள்வி கேட்டார். "காலையில இருந்து வாப்பா எத்தனை தரம் எழும்பி நடந்தார்?" ஆறு பேர் உள்ள வீட்டில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. தொழுகைக்கும் கழிவறைக்கும் தவிர அவர் எழும்பவில்லை. நாங்கள் எழும்ப விடவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் எந்தப் பயிற்சி நல்லது என்று தேடத் தொடங்கினோம். ஒருவர் யோகா என்றார், ஒருவர் சைக்கிள் என்றார், கட்டாரில் இருக்கும் மச்சான் தாய் சீ வீடியோ அனுப்பினார். வாசித்ததில் எங்களுக்கு விளங்கியதைச் சொல்கிறோம்.

மூளையில் டோபமின் சுரக்கும் கலங்கள் குறைவதால் வருவது இந்த நோய். லெவோடோபா குளிசை உடலின் இறுக்கத்தையும் மந்தத்தையும் நன்றாகக் குறைக்கும். ஆனால் சமநிலை தவறி விழுவதற்குக் குளிசை மட்டும் போதாது. அங்கேதான் பயிற்சி தேவைப்படுகிறது.

2023இல் கொக்ரேன் அமைப்பு ஒரு பெரிய மீளாய்வை வெளியிட்டது. 150க்கும் மேற்பட்ட ஆய்வுகள், 7,000க்கும் மேற்பட்ட நோயாளிகள். நடனம், தண்ணீருக்குள் செய்யும் பயிற்சி, நடைப் பயிற்சி, தசையை வலுவாக்கும் பயிற்சி, சைக்கிள், தாய் சீ, யோகா எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலான பயிற்சிகள் பலன் தந்தன. ஆனால் ஒன்று மற்றதைவிடத் தெளிவாகச் சிறந்தது என்று சொல்லப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை.

அதற்காக எல்லாம் ஒன்றே என்றும் இல்லை. 2012இல் அமெரிக்காவின் ஒரிகனில் 195 நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்து ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார்கள். கை கால்களை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடத் தாய் சீ செய்தவர்கள் குறைவாகவே விழுந்தார்கள். 2019இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வில், வீட்டிலேயே நிலையான சைக்கிளை வாரம் மூன்று தடவை மிதித்தவர்களுக்கு, நீட்டும் பயிற்சி செய்தவர்களைவிட அசைவுப் பிரச்சினைகள் மெதுவாகவே கூடின. ஆக, விழுகிறவருக்குச் சமநிலைப் பயிற்சி. கதிரையிலிருந்து எழும்பக் கஷ்டப்படுபவருக்குக் கால் தசைப் பயிற்சி. நடக்கும்போது கால் தரையில் ஒட்டியது போல் நின்று விடுகிறவருக்குத் தரையில் கோடு போட்டு அதைத் தாண்டச் சொல்வது, "ஒன்று, இரண்டு" என்று தாளத்துக்கு நடக்க வைப்பது. எது யாருக்கு என்பதை டொக்டரும் பிசியோதெரபிஸ்ட்டும் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் கருத்து இதுதான். எந்தப் பயிற்சி சிறந்தது என்று தேடிக்கொண்டே மாதக்கணக்கில் வாப்பாவை உட்கார வைத்திருந்தோம். அவர் விட்டுவிடாமல் செய்யக்கூடியது எதுவோ, அதுவே அவருக்குச் சிறந்தது.

"அஞ்சு நேரம் தொழுறாரே, அது போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். தொழுகை இபாதத். அதை வைத்தியமாக்கி, வைத்தியத்தை விட்டுவிடுவது சரியில்லை. நின்று தொழ ஆசைப்படும் ஒருவருக்கு அந்தக் கால்களைப் பலப்படுத்திக் கொடுப்பது பிள்ளைகளான எங்கள் கடமை.

கவனமும் வேண்டும். குளிசை நன்றாக வேலை செய்யும் நேரத்தில் பயிற்சி செய்ய வையுங்கள். பக்கத்தில் ஒருவர் நில்லுங்கள். இந்த நோயில் எழும்பும்போது பிரஷர் இறங்கலாம், அதனால் எழும்பியதும் சற்று நின்று நிதானித்து நடக்கட்டும். சட்டென்று திரும்பச் சொல்லாதீர்கள். வழுக்கும் பாய்களை எடுத்து விடுங்கள்.

இன்னொன்று. தனியாகச் செய்தால் இரண்டு கிழமையில் அலுத்துவிடும். எங்கள் பாடசாலை மண்டபம் பிற்பகல் 2 மணிக்குப் பிறகு பூட்டியே கிடக்கிறது. உங்கள் ஊரிலும் அப்படித்தான் இருக்கும். வாரம் இரண்டு நாள், ஒரு மணித்தியாலம், ஆண்களுக்கு ஒரு நேரம், பெண்களுக்கு ஒரு நேரம் என்று ஒரு பிசியோதெரபிஸ்ட்டை அழைத்து வயதானவர்களுக்குப் பயிற்சி நடத்த முடியாதா? பள்ளிவாசல் நிர்வாகமும் பழைய மாணவர் சங்கமும் நினைத்தால் முடியும். பெரிய செலவில்லை.

இப்போது வாப்பா காலையில் பத்துத் தரம் கதிரையிலிருந்து எழும்பி இருக்கிறார். முற்றத்தில் நாங்கள் போட்ட சுண்ணாம்புக் கோடுகளைத் தாண்டி நடக்கிறார். கை நடுக்கம் அப்படியே இருக்கிறது. ஆனால் தண்ணீரைத் தானே போய் எடுத்துக் குடிக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். கொஞ்சம் சிந்தும். சிந்தட்டும், துடைத்துக்கொள்ளலாம்.