ஒரு விசை செத்தால் தமிழும் சாகுமா?

எங்கட வயசுக்காரர் கனபேர் தமிழை ஆங்கில எழுத்தாலதான் அடிக்கிறம். க, ச, த எதை அடிக்கவும் ஆங்கில ‘ஏ’ விசை வேணும். அதுக்குள்ள பிளேன்ரீ சிந்தினால் இங்கிலீசில ஒரு எழுத்துத்தான் போகும். தமிழில அனேகமா எல்லாமே போயிடும். பாமினி பழகின அண்ணாமாருக்கு வேற வில்லங்கம்: மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கிறது அரைப்புள்ளி விசை.

கடையில ‘முழுக் கீபோர்ட்டையும் மாத்தோணும்’ என்பினம். பொய்யில்லை, கன லப்டொப்புகளில அது மேல்சட்டத்தோட உருக்கி ஒட்டித்தான் வருது. ஆனாலும் உடன காசைக் குடுக்கிறது எங்களுக்கு உடன்பாடில்லை. சுண்டிக்குளியில 1886இல் பிறந்த இரா. முத்தையா, ஆங்கிலத்துக்கெண்டு செய்த தட்டச்சுப்பொறியையே தமிழுக்கு வளைச்சவர். எங்களுக்கு அவ்வளவு பாடில்லை. விண்டோஸ் எண்டால் மைக்ரோசொஃப்ற்றின் பவர்ரோய்ஸ் இலவசம். அதிலுள்ள கீபோர்ட் மனேஜரில, செத்த விசையின்ர வேலையைக் கப்ஸ் லொக்குக்குக் குடுக்கலாம். தமிழுக்குப் பெரிய எழுத்தே இல்லை, அது சும்மாதானே கிடக்குது! தானா அமந்து ‘ஆஆஆ’ என்று ஓடுற விசையையும் அதிலேயே முடக்கலாம்.

ஒண்டு, லொகின் திரையில இது வேலை செய்யாது. பாஸ்வேர்டில அந்த எழுத்து இருந்தால் முதல்லயே மாத்தி வையுங்கோ.