போர் போட்டுப் பார்த்தீங்களா?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தால் நெய்வேலி டவுன்ஷிப்பில் 'என்ன மார்க்?' என்ற கேள்வி ஒரு மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். அதற்கப்புறம் எந்த வட்டத்துக்குப் போனாலும் ஒரே கேள்வி: 'என்ன குரூப்?'

போன வருஷம் பக்கத்து குவார்ட்டர்ஸ் சார் பிளஸ் ஒன் அப்ளிகேஷனோடு வந்தார். சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்த சிவந்த கண்கள். பின்னாலேயே மகள்.

"தம்பி, உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கும். ஃபர்ஸ்ட் குரூப்னு எழுதிக் குடுங்க."

"பாப்பா என்ன கேக்குது சார்?"

"அதைப் போய் என்னத்தைக் கேக்கிறது? ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தா டாக்டர், இன்ஜினீயர், எல்லாக் கதவும் திறந்திருக்கும்."

அந்தப் பெண் எந்தக் கதவையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தது. மார்க்கைப் பார்த்தேன். சமூக அறிவியல் 94. கணக்கு 58.

சார் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் கதவு திறந்திருப்பது வேறு, உள்ளே போவது வேறு. தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங்குக்கு 2007-லிருந்து நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மார்க்தான். 200-க்குப் போடும் கட்-ஆஃபில் 100 கணக்குக்கே போய்விடும். மிச்சத்தை இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி பிரித்துக்கொள்ளும். டாக்டர் கதவிலோ 2017-லிருந்து 'நீட்' நிற்கிறது.

"அப்ப காமர்ஸா? அதில என்ன தம்பி இருக்கு?"

பி.காம். படித்தவனிடமே கேட்டார்! வலித்ததை வெளியே காட்டாமல் சொன்னேன். இன்ஜினீயரிங்கும் மருத்துவமும் மூடிவிடும், அது நிஜம். ஆனால் பி.காம். உண்டு. ஐந்து வருஷ சட்டப் படிப்புக்கு எந்த குரூப்பும் சரி. சி.ஏ. ஃபவுண்டேஷனுக்குப் பத்தாவது பாஸானதுமே பெயரைப் பதிந்து வைக்கலாம். பரீட்சை பிளஸ் டூவுக்கு அப்புறம். கலெக்டர் பரீட்சைக்கு ஏதோ ஒரு டிகிரி போதும்.

சார் அசையவில்லை. அவர் தொழிலுக்கே போனேன்.

"சார், நிலத்தைப் பார்த்ததும் பக்கெட் வீலை இறக்கிடுவீங்களா?"

"அதெப்படி? முதல்ல போர் போட்டு, எத்தனை அடியில நிலக்கரி இருக்குன்னு பார்க்கணும்ல?"

"பாப்பா மனசுல போர் போட்டுப் பார்த்தீங்களா?"

சார் முதல்முறையாக மகள் பக்கம் திரும்பினார்.

பிளஸ் ஒன் புத்தகங்கள் இன்டர்நெட்டில் இலவசம். "கணக்கில் முதல் பாடம், கணக்குப்பதிவியலில் முதல் பாடம், ரெண்டையும் ரெண்டு நாள் படிக்கட்டும். யாரும் சொல்லாமலே எதை மறுபடி எடுக்குதுன்னு பாருங்க" என்று அப்ளிகேஷனைத் திருப்பிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் அந்தப் பெண்ணே வந்து காட்டியது. குரூப் கட்டத்தில் அதன் கையெழுத்து: வணிகவியல், கணக்குப்பதிவியல். கீழே அப்பாவின் கையெழுத்து, பேப்பர் கிழிகிற அளவுக்கு அழுத்தி!

"அப்பா ஒரு நாள் பூரா பேசலைண்ணா. அப்புறம், 'டெபிட்னா என்னம்மா?'ன்னு கேட்டார்."

ஜூலையில் சார் மறுபடி வந்தார், கையில் ஃபார்ம்-16.

"தம்பி, வழக்கம் போல இன்கம்டாக்ஸ் ரிட்டர்னை நீங்கதான்..."

'காமர்ஸில் என்ன இருக்கு' என்று நான் கேட்கவில்லை.

"இன்னும் ரெண்டு மூணு வருஷம்தான் சார். அப்புறம் வீட்டிலேயே ஆள் இருக்கு!"